கப்பல் சளிக்கு இறங்கி வந்த எர்சிலியா

எர்சிலியாவின் பெயரை முதன்முதலில் கேட்டபோது அது ஓர் ஆட்டின் பெயர் என்றுதான் நினைத்தேன். எனக்கு அப்போது ஐந்து வயது. கப்பல் ஊதிவிட்டது. எங்கள் தீவில் கப்பல் ஊதினால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் துறைக்கு ஓடுவார்கள். அன்றும் ஓடிக்கொண்டிருந்தோம். கூட்டத்துக்கு எதிராக, மேட்டைப் பார்த்து, ஒரு பெண் மட்டும் எதையோ போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க ஏறிப் போனாள். என் அம்மா ஓட்டத்தை நிறுத்தாமலே அவளைப் பார்த்துக் கத்தினாள்.

"ரோசால்பா அக்கா! எர்சிலியாவ தூக்கிட்டு சீக்கிரம் மேல போ. படகு இறங்கிடுச்சு!"

"அந்த ஆட்டை ஏம்மா ஒளிச்சு வைக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"ஆடு இல்லடி கூறுகெட்டவளே. உனக்கு அக்கா முறை அவ."

ரோசால்பா என் அம்மாவுக்குப் பெரியப்பா மகள். அந்தக் காலத்தில் தீவில் நானூறு பேருக்கு மேல் இல்லை. யாரை எடுத்துக்கொண்டாலும் இரண்டு கல்யாணத்துக்குள் எனக்குச் சொந்தமாகிவிடுவார்கள். ஆனால் சொந்தமாக இருந்தும் எர்சிலியாவின் முகத்தை நான் சரியாகப் பார்த்தது அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். மெலிந்த கழுத்து. பேசும்போது நடுவில் ஒரு முறை நிறுத்தி மூச்சு எடுத்துக்கொள்வாள்.

அவளை மேலே தூக்கிக்கொண்டு ஓடியது கப்பல் சளிக்குப் பயந்து. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கப்பல் வராத நாளில் ஒருவர்கூடத் தும்ம மாட்டார்கள். மழையில் நனைந்தாலும் சரி, குளிர்காலத்தில் சிங்கி இறால் கூடை தூக்கக் கடலில் இடுப்பளவு நின்றாலும் சரி, மூக்கு ஒழுகாது. பெருநிலத்துத் துறைமுகமான வால்பரைசோவிலிருந்து கப்பல் வந்து மூன்றாம் நாள்தான் தொடங்கும். முதலில் தபால்காரர் அபெலார்தோ தும்முவார். அப்புறம் மூட்டை இறக்கியவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், பிறகு ஊர் முழுக்க. பதினெட்டு இருபது நாளில் எல்லோருக்கும் வந்து ஓய்ந்துவிடும். அடுத்த கப்பல் வரை ஊர் சுத்தமாக இருக்கும். ஒவ்வொரு கப்பலும் ஒவ்வொரு விதமான சளியைக் கொண்டுவரும். நாங்கள் அப்போது வருஷத்தைச் சொல்லிக் கணக்கு வைத்ததில்லை. என் தம்பி பிறந்தது தொண்டை கட்டின கப்பலுக்கு அப்புறம். என் கல்யாணம் காதுவலிக் கப்பலுக்கு முன்னால்.

மற்றவர்களுக்கு அது ஒரு வாரத்துச் சங்கடம். ரோசால்பா பெரியம்மாவுக்கு அப்படி இல்லை. எர்சிலியாவுக்கு முன்னால் பிறந்த ஆண்பிள்ளை நான்கு மாதக் குழந்தையாக இருக்கும்போது கப்பல் சளி நெஞ்சில் இறங்கிப் பதினோரு நாளில் இறந்துபோனது. எர்சிலியாவுக்கும் இரண்டு வயதில் அதே போல இறங்கி, எப்படியோ பிழைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து நெஞ்சுக்குள் ஒரு விசில் சத்தம். கப்பல் ஊதியதும் தாயும் மகளும் மேட்டில் ஆடு மேய்ப்பவர்களின் குடிசைக்குப் போய்விடுவார்கள். ஊர் தும்மி முடித்த பிறகுதான் இறங்குவார்கள். வருஷத்துக்கு ஐந்து ஆறு கப்பல் வரும். கணக்குப் பார்த்தால் எர்சிலியா மூன்றில் ஒரு பங்கு வயதை அந்தக் குடிசையிலேயே கழித்திருப்பாள்.

சளி தபால் மூட்டையில்தான் வருகிறது என்பது ஊரின் நம்பிக்கை. முதலில் படுப்பது தபால்காரர் என்பதால் வந்த நம்பிக்கை. அதனால் நெஞ்சு பலவீனமானவர்கள் இருக்கும் வீட்டில், வந்த கடிதத்தைக் கையால் தொட மாட்டார்கள். அடுப்பு இடுக்கியால் எடுத்து, மீன் காய வைக்கும் பரணில் கல்லை வைத்து எட்டு நாள் வெயிலில் போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம்தான் பிரிப்பது. சளி பிடித்தவர்களுக்கோ பன்றிக் கொழுப்பைச் சூடாக்கி நெஞ்சில் தடவி, செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள் செருகுவோம். ஒரு தடவை நான் கேட்டேன்:

"ஏன் பெரியம்மா, கடுதாசி சளியக் கொண்டு வருது, பேப்பர் மட்டும் சளிய எடுத்துடுதா?"

"அது பழைய பேப்பர்டி. வாய மூடு."

ஐம்பத்தேழாம் வருஷக் குளிர்காலத்தில் வந்த கப்பலில் ஏதோ ஓர் இரும்புத் தண்டு உடைந்துவிட்டது. மாற்றுத் தண்டு வரும் வரை நாற்பது நாளுக்கு மேல் எங்கள் கரையிலேயே நின்றது. ஊர் தும்மியது, கப்பல்காரர்களும் கூடவே தும்மினார்கள், ஓய்ந்தார்கள். வழக்கம்போல எர்சிலியா மேட்டிலிருந்து இறங்கினாள். கப்பல் மட்டும் போகாமல் நின்றிருந்தது. அவள் வாழ்க்கையில் கப்பல் நிற்கும்போது துறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. இருபது வயதில்.

அன்று செம்படவர்களின் புனிதர் பேதுரு திருநாள். படகுகளுக்கெல்லாம் காகிதப் பூ கட்டியிருந்தோம். கப்பல் என்ஜினுக்கு எண்ணெய் போடுகிற லௌத்தாரோ என்ற பையன் என் பக்கத்தில் நின்றிருந்தவளைப் பார்த்துவிட்டு நேராக வந்தான்.

"நீ எங்கேருந்து முளைச்சே? ஒரு மாசமா இந்த ஊர்ல எல்லார் மூஞ்சியும் எனக்கு மனப்பாடம்."

"மேலேருந்து. நீங்கள்லாம் தும்மி முடிக்கட்டும்னு காத்திருந்தேன்."

"முடிச்சாச்சு. மூக்கு சுத்தமா இருக்கு. வேணும்னா பாத்துக்க."

"கண்டவன் மூக்கையெல்லாம் நான் பாக்கறதில்ல."

சொல்லிவிட்டு அவன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாலை வரை இருவரும் ஆடினார்கள். அவளுக்கு மூச்சு வாங்கும்போது அவன் நிறுத்திக்கொள்வான், ஏன் என்று கேட்க மாட்டான். அவள் கணக்கில் அது பெரிய விஷயம். கப்பல் கிளம்புவதற்குள் பதினெட்டு நாள் அவர்களுக்குக் கிடைத்தது.

அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு கப்பலிலும் லௌத்தாரோ வந்தான். ஆனால் இப்போது அவன் சளியோடு வருகிற கூட்டத்தில் ஒருவன். இறங்கியதும் மேட்டுக்கு ஓடுவான். குடிசைக்கு முன்னால் ஓர் ஓடை இருக்கிறது. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன், நடுவில் முப்பது அடி பள்ளம். பெரியம்மா அவள் பக்கத்துக் கரையில் பின்னலோடு உட்கார்ந்திருப்பாள்.

"எர்சிலியா! சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்!"

"என்ன சாப்பிட்டே?"

"அவரைக் குழம்பு!"

கீழே படகு பழுதுபார்ப்பவர்களுக்கு எல்லாம் கேட்கும். "உப்பு இருந்துச்சான்னு கேளுடா எண்ணெய்க்காரா!" என்று அங்கிருந்து கத்துவார்கள்.

ஒரு தடவை ஆர்வத்தில் அவன் ஓடைக்குள் இறங்கப் போனான். பெரியம்மா எழுந்து நின்றாள். "அதுக்கு மேல ஒரு அடி வைக்காத தம்பி. நீ நல்ல பையன்தான். உன் மூச்சுதான் ஆகாது."

கத்திச் சொல்ல முடியாததை எழுதி என்னிடம் கொடுப்பான். நான் கொண்டுபோய் ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு மரக்கட்டையின் மேல் வைத்துவிட்டு விலகி நிற்பேன். பெரியம்மா இடுக்கியோடு வந்து எடுத்துப் போவாள். எர்சிலியா எழுதும் பதில் அடுத்த கப்பலுக்குத்தான் அவன் கைக்குப் போகும். அதனால் நடுவில் அந்தக் கடிதம் எட்டு நாள் பரணில் காய்ந்தது அவனுக்குத் தெரிய வழியே இல்லை.

ஐம்பத்தெட்டு நவம்பர் கப்பலில் வந்தபோது அவன் காலில் பெரிய கட்டு. நீராவி அடித்து வெந்துவிட்டது. கட்டையை ஊன்றித் துறையில் இறங்கியவன் மேட்டைப் பார்த்தான், ஏற முடியாது என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. சட்டைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்தான்.

"தினா, இத அவகிட்ட சேத்துடு. இன்னைக்கே படிச்சிடுவா இல்ல?"

"உன் கடுதாசியப் படிக்காம வேற என்ன வேலை அவளுக்கு?" என்றேன் நான்.

இதைச் சொன்ன வாய் இதுதான். எட்டு நாள் கணக்கு எங்கள் ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். அதை ஒருவனிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா?

மறுநாள் காலையிலிருந்து அவன் துறையில் நின்றிருந்தான். உட்காரச் சொன்னேன். "நின்னாத்தான் மேடு தெரியுது" என்றான். கால் வலியை மறக்க நிற்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் மடத்தனம். மதியம் கப்பல் ஊதியதும் நொண்டிக்கொண்டே போய்ப் படகில் ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை.

மேலே நடந்ததை எர்சிலியா பின்னால் எனக்குச் சொன்னாள். கடிதம் பரணில் கிடந்தது. மேலே அவள் பெயர் தெரிந்தது. அவள் அதைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள். இரண்டாம் நாள் மதியம் கப்பல் புகை விட்டுக்கொண்டு போவதைக் குடிசை வாசலிலிருந்து பார்த்தாள். மூன்றாம் நாள் காற்றில் கடிதத்தின் ஓரம் தூக்கிக்கொண்டது. கை நீட்டிப் பிடித்திருக்கலாம். ஒரு குச்சியால் தள்ளி இன்னொரு கல்லை வைத்தாள். இறந்துபோன அண்ணனின் சின்னச் சட்டை அந்தக் குடிசையில்தான் மாட்டியிருந்தது. அவள் யாரை மீறுவாள்? எட்டாம் நாள் காலையில் பிரித்தாள்.

"இந்தக் கப்பலில் இதுதான் எனக்குக் கடைசி. தெற்கே புந்தா அரேனாசுக்கு மாற்றிவிட்டார்கள். கப்பலில் பாதிரியார் இருக்கிறார், கேட்டுவிட்டேன், சரி என்றார். வால்பரைசோவில் ஏறுவதற்கு முன்னாலிருந்தே இருபது நாளாக யாரோடும் சேராமல் தனியாகச் சாப்பிட்டுத் தனியாகத் தூங்குகிறேன். ஒரு தும்மல்கூட இல்லை. நாளை மதியம் வரை துறையில் நிற்பேன். நீ இறங்கி வந்தால் கல்யாணம். வராவிட்டால் அதுதான் உன் பதில் என்று எடுத்துக்கொள்வேன். உன்மேல் வருத்தப்பட மாட்டேன்."

அவ்வளவுதான். ஊர் தும்மி முடித்ததும் இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்தாள். நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

"தினா, இதக் கொடுக்கும்போது அவன் என்ன சொன்னான்?"

சொன்னேன். நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவள் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, நீ பிசை. மாவு காஞ்சிடும்" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அடுத்த கப்பலிலும் அதற்கடுத்த கப்பலிலும் அவனுக்கு எழுதினாள். பதில் வரவில்லை. ஒன்று மட்டும் முத்திரை குத்தித் திரும்பி வந்தது. அதையும் எட்டு நாள் காய வைத்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து தலைநகர் சாந்தியாகோவிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தாள். எங்கள் கப்பல் சளியைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதைப் பார்க்கவே வந்தவள். ஆறு மாதம் இருந்தாள். பஞ்சு சுற்றிய குச்சியை எல்லோர் மூக்கிலும் விட்டு எடுத்துக் கண்ணாடிக் குழாயில் போட்டாள். எங்கள் ஆண்கள் அதற்கு அடித்த கேலியை இங்கே சொல்ல முடியாது. கிளம்புவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் கூட்டி, சளிக்குக் காரணம் வைரஸ் என்று கண்ணுக்குத் தெரியாத ஒன்று, அது மனுஷர்களின் மூக்கிலும் கையிலும்தான் குடியிருக்கிறது என்றாள். "கப்பல் ஆளுங்ககிட்டேருந்து உங்களுக்கு வருது. ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்குத் தாவுது. ஊர்ல எல்லார் மூக்கும் முடிஞ்சதும் அதுக்குப் போக இடமில்ல, அழிஞ்சிடுது. அதான் அடுத்த கப்பல் வரைக்கும் உங்களுக்கு நிம்மதி."

அபெலார்தோவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நான் ஏன் எப்பவும் முதல்ல படுக்கறேன்? மூட்டையத் தொடறவன் நான்தானே?"

"மூட்டையத் தொடறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?"

"கேப்டனுக்குக் கை கொடுப்பேன்."

"அப்புறம்?"

"அவர் கோப்பையிலேயே ஒரு வாய் குடிப்பேன். மரியாதைக்கு."

பள்ளிக்கூடமே சிரித்தது. பக்கத்தில் இருந்தவன் அவர் முதுகில் தட்டி, "இருபது வருஷமா ஊரையே படுக்க வச்சது உன் மரியாதைதானா!" என்றான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஜன்னல் ஓரத்திலிருந்து எர்சிலியா கேட்டாள்:

"டாக்டரம்மா, கடுதாசில அது இருக்காதா?"

"கப்பல் இங்க வர மூணு நாள் ஆகுதில்ல? மூட்டைக்குள்ள கிடக்கிற காகிதத்துல அது அவ்வளவு நாள் தாங்காதும்மா."

"அப்ப, சளியில்லாதவன் கையால தந்த கடுதாசியையும் வந்த அன்னைக்கே தொட்டிருக்கலாம்."

"தாராளமா."

ஊரில் எல்லோருக்கும் அந்தக் கடிதத்தின் கதை தெரியும். எல்லோரும் எர்சிலியாவைத் திரும்பிப் பார்த்தோம். டாக்டரம்மா மட்டும் ஒன்றும் புரியாமல் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். ரோசால்பா பெரியம்மா எழுந்து வெளியே போனாள். பின்னாலேயே நானும் போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "ஒரு பிள்ளைய மண்ணுல வச்சவடி நான்" என்றாள். "எனக்கு யார் சொன்னா அப்ப?"

எர்சிலியா அடுத்த நாள் டாக்டரம்மாவைத் தனியாகப் போய்ப் பார்த்தாள். தெற்கே போக வேண்டும், என் நெஞ்சு தாங்குமா என்று கேட்டாள். பெரிய ஊர்களில் இந்தச் சளி ஒரு நாளும் ஓயாது, எத்தனை வகை என்று இன்னும் எண்ணி முடிக்கவில்லை, ஒன்றை வாங்கினால் அந்த ஒன்றுக்கு மட்டும் உடம்பு கொஞ்சம் பழகும், தாங்கும் தாங்காது என்று நான் எப்படிச் சொல்வேன் என்றாளாம் டாக்டரம்மா. எர்சிலியாவுக்கு அது போதும்.

அடுத்த கப்பல் ஊதியது. நாங்கள் கீழே ஓடினோம். கூட்டத்தில் எங்களோடு எர்சிலியாவும் ஓடி வந்தாள். பெரியம்மா பின்னாலேயே வந்தாள், தடுக்கவில்லை. துறையில் இறங்கிய ஒவ்வொருவனிடமும் போய், "கை கொடுங்க. லௌத்தாரோவத் தெரியுமா? என்ஜினுக்கு எண்ணெய் போடுவான், புந்தா அரேனாஸ் போனவன்" என்று கேட்டாள். மூன்றாம் நாள் அவளுக்கு முதல் தும்மல் வந்தது. தும்மிவிட்டுச் சிரித்தாள். பிறகு ஒன்பது நாள் படுக்க முடியாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். விசில் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. பெரியம்மா கொழுப்பும் பேப்பருமாக அவள் காலடியிலேயே கிடந்தாள். பத்தாம் நாள் எழுந்து ஒரு கிண்ணம் இறால் குழம்பு குடித்தாள்.

"செத்துப் போயிடுவடி" என்றேன்.

"ஒண்ணு முடிஞ்சுது" என்றாள்.

அப்படி ஒன்பது கப்பல். ஒவ்வொன்றுக்கும் இறங்கி வந்தாள், கை கொடுத்தாள், விழுந்தாள், எழுந்தாள். சிலதில் ஒரு வாரம், ஒன்றில் ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் கடைசி ஜெபம் சொல்லவே ஆளைக் கூப்பிட்டுவிட்டோம். ஏழாவது கப்பலில் ஒருவன், "புந்தா அரேனாஸ்ல கப்பல் பட்டறையில ஒரு நொண்டி லௌத்தாரோ இருக்கான், வெந்த காலு" என்றான். அன்று அவள் அவன் கையை இரண்டு தடவை குலுக்கினாள்.

அறுபத்து மூன்று மார்ச்சில் கப்பல் ஏறினாள். பெரியம்மா மகளின் சட்டைக்குள் செய்தித்தாளை மடித்துச் செருகினாள். "யார் தும்மினாலும் மூஞ்சியத் திருப்பிக்க" என்றாள்.

மூன்று மாதம் கழித்து எனக்குக் கடிதம் வந்தது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது; அதைத் துறையிலேயே பிரித்து, என் தம்பியை விட்டுப் படிக்கச் சொன்னேன். அவள் அவனைக் கண்டுபிடித்துவிட்டாள். பட்டறை வாசலில். அவனுக்கு முந்தின வருஷம்தான் கல்யாணமாகியிருந்தது, ரொட்டிக்கடைக்காரி ஒருத்தியோடு. ஆறு மாதப் பெண்குழந்தையும் இருந்தது. அவன் சொன்னானாம்: "மூணு வருஷம் காத்திருந்தேன் எர்சிலியா. ரெண்டு வீடு மாறினேன். உன் கடுதாசி ஒண்ணும் வரல." இவள் பரண், கல், எட்டு நாள் எல்லாம் சொன்னாளாம். அவன் முதலில் சிரித்திருக்கிறான். அப்புறம் வெந்த காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். "எனக்கு அப்போது கடுமையான சளி, தினா. அதனால் கண்ணில் தண்ணீர் வந்தது எதற்கென்று அவனுக்குத் தெரிந்திருக்காது" என்று எழுதியிருந்தாள்.

திரும்பி வருவாள் என்று பெரியம்மா ஒவ்வொரு கப்பலுக்கும் துறைக்குப் போனாள். ஊதினால் மேட்டுக்கு ஓடிய மனுஷி, சாகும் வரை கீழேதான் ஓடினாள். நானும்தான் போய்ப் பார்த்தேன். எர்சிலியா வரவில்லை. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஏன் வரவில்லை என்று கேட்டு நான் பலமுறை எழுத வைத்தேன். ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னாள். "இங்கே தினமும் யாராவது தும்முகிறார்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அவனுக்கு வந்தது சுற்றிச் சுற்றி எனக்கும் வந்திருக்கும்." அவன் வீடு அவள் தெருவிலிருந்து எட்டுத் தெரு தள்ளி. அவன் இருக்கும் வரை அந்தத் தெருவுக்கு அவள் போகவில்லை. அவன் சாவுக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றதாக எழுதியிருந்தாள்.

பெரியம்மாவை மேட்டுக் குடிசைக்குப் போகும் வழியில் அடக்கம் செய்தோம். எர்சிலியாவுக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது எங்கள் தீவுக்கு வாரம் மூன்று முறை சின்ன விமானம் வருகிறது. பேரப்பிள்ளைகளுக்கு எப்போதும் மூக்கு ஒழுகுகிறது, கப்பல் சளி என்றால் என்னவென்று கேட்கிறார்கள். அவளைப் பார்க்க ஒரு தடவை போய் வர வேண்டும் என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போகவில்லை. முழங்கால் விடவில்லை என்று வீட்டில் சொல்கிறேன். அது முழு உண்மை இல்லை.

எர்சிலியா புந்தா அரேனாசில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் தெருவில், மாடியில் ஓர் அறையில் தனியாக இருக்கிறாள். இந்த ஜூன் மாதத்தோடு அவளுக்கு எண்பத்திரண்டு வயது.